1.6 லிட்டர் மியாட்டாவுக்கு எந்த எல்எஸ்டி? வீட்டுக் கராஜில் முடிகிற வேலையை வைத்து ஒரு முடிவு

மழை விட்ட சாலை, வலப்பக்கத் திருப்பம், இரண்டாவது கியர். ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கார் முன்னே பாயவில்லை. இன்ஜின் சத்தம்தான் ஏறியது. உள்பக்கப் பின்சக்கரம் ஈரத் தாரில் தனியாகச் சுழல, வெளிப்பக்கச் சக்கரம் நல்ல பிடிப்பை வைத்துக்கொண்டு சும்மா உருண்டுகொண்டிருந்தது. பின்சக்கரங்களால் ஓடும் எடை குறைந்த கார் ஒன்றை வைத்திருப்பவருக்கு இதைவிட மனம் சலிக்கும் நிமிடம் கிடையாது.

என்னிடம் இருப்பது 1991ஆம் ஆண்டின் மாஸ்டா மியாட்டா. மற்ற நாடுகளில் எம்எக்ஸ்-5 என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்ற அதே கார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை, 1.6 லிட்டர் இன்ஜின், 5 கியர். டொரன்டோவின் ஸ்காபரோ பகுதியில் வசிப்பதால், நவம்பர் முதல் ஏப்ரல் வரை உப்புத் தூவிய சாலையில் அதை இறக்குவதில்லை. அந்த ஐந்தாறு மாதங்களில்தான் கராஜ் வேலை. இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பங்கிட்டு, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரென்ஷியல். இரண்டு குளிர்காலங்களுக்கு முன் இந்தக் காரில், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், சுருக்கமாக எல்எஸ்டி, பொருத்த முடிவெடுத்தேன். எதைப் பொருத்துவது என்று தீர்மானிக்கவே ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தில் எடைபோட்டுப் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன். இதே கார் வைத்திருப்பவருக்கு நேராகவே உதவும். வேறு பின்சக்கர வண்டி வைத்திருப்பவரும் அளவுகளை மாற்றிக்கொண்டு இதே வழியில் யோசிக்கலாம்.

முதலில், நோய் என்ன என்று தெரிந்துகொள்வோம். சாதாரண டிஃபரென்ஷியல் தன் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சம அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். திருப்பத்தில் உள்சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது. அது 100 பங்கு விசையை மட்டுமே தாங்கும் என்றால், வெளிச்சக்கரத்துக்கும் 100 பங்குதான் போகும்; அது 400 பங்கு தாங்கத் தயாராக இருந்தாலும் சரி. மொத்தம் 200. மீதி இன்ஜின் வேகமாக, டயர் புகையாகப் போகிறது. எல்எஸ்டி என்ற பெயரில் விற்கும் அத்தனையும் இந்தச் சம பங்கீட்டை உடைப்பதற்கான வழிகள். உடைக்கும் விதம்தான் ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது.

ஒன்றும் மாற்றாமல் விட்டால் என்ன என்பதும் நேர்மையாகப் பார்க்க வேண்டிய ஒரு வழி. பத்து வருடப் பழைய டயர், அலைன்மென்ட் பார்க்காத சக்கரங்கள், நைந்துபோன சஸ்பென்ஷன் புஷ், இவற்றோடு ஓடும் காரில் எல்எஸ்டிக்குச் செலவிடுவது ஓட்டைக் குடத்துக்கு மூடி வாங்குவது போன்றது. திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பார் பின்பக்கம் தடிமனாக இருந்தால் அது உள்சக்கரத்தை மேலே இழுத்துப் பிடிப்பை இன்னும் குறைக்கும்; அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. நான் இரண்டையும் செய்தேன். நல்ல வித்தியாசம் தெரிந்தது. ஈரத்தில் மட்டும் பழைய கதைதான். கடைக்குப் போய் வர மட்டுமே காரை எடுப்பவர் இந்த இடத்திலேயே நின்றுகொள்ளலாம், எந்தக் குறையும் இல்லை.

அடுத்து வெல்டிங். எனக்குக் கராஜில் கைகொடுப்பவன் என் சித்தியின் மகன். முதல் நாளே கேட்டான்: "அண்ணா, உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களைச் சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டால் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடுமே?" முடியும்தான். செலவும் ஒன்றுமில்லை. ஆனால் அதன் பிறகு இரண்டு பின்சக்கரங்களும் ஒரே தண்டில் குத்திய சக்கரங்கள் மாதிரி ஆகிவிடும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே வேகத்தில் சுழலச் சொன்னால் ஏதாவது ஒரு டயர் தேய்ந்து, துள்ளித்தான் வளைவைக் கடக்கும். ஆக்சில்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் முறுக்கப்படும். ஈரச் சாலையில் முதலில் முன்பக்கம் நேராக இழுக்கும், பிறகு பின்பக்கம் திடீரென்று வீசும். வைத்த வெல்டிங்கிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து கிரவுன் (டிஃபரென்ஷியலின் பெரிய பல்சக்கரம்), பினியன் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) இரண்டின் பற்களுக்கு நடுவே விழுந்தால் பின்சக்கரங்கள் ஓட்டத்திலேயே இறுகிவிடவும் கூடும். பிள்ளைகள் நடந்து போகும் சாலையில் ஓட்டும் காருக்கு நான் அதைச் செய்ய மாட்டேன், வேறு யாரும் செய்வதையும் விரும்பவில்லை. மூடிய களத்தில் டிரிஃப்ட் மட்டும் ஓட்டுபவரின் கணக்கு வேறு.

பழைய உறைக்குள் பழைய தொழில்நுட்பம்

1.6 லிட்டர் காரில் இருக்கும் டிஃபரென்ஷியலின் கிரவுன் சக்கரம் சுமார் 6 அங்குலம். இந்த அளவிலேயே மாஸ்டா ஒரு எல்எஸ்டியும் கொடுத்தது: விஸ்கஸ் வகை. உள்ளே மூடிய பெட்டியில் சன்னமான தகடுகள், சிலிகான் திரவம். ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுழன்றால், திரவம் இழுபட்டுத் தகடுகளைச் சேர்த்து இழுக்கும். தேனுக்குள் கரண்டியைச் சுழற்றுவதைப் போல மென்மையான வேலை. சத்தமில்லை, தட்டுமுட்டு இல்லை. வீட்டில் மாற்றுபவருக்கு இதன் பெரிய கவர்ச்சி, அது அதே 6 அங்குல உறையில் இருப்பதுதான். கியர்பாக்ஸிலிருந்து டிஃபரென்ஷியலுக்கு விசை கொண்டுவரும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டை மாற்ற வேண்டாம், கிரவுனுக்கும் பினியனுக்கும் உள்ள பல் விகிதம் மாறாது, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது.

குறை, வயது. 1990 முதல் 1993 வரை வந்த யூனிட்டுகள் இவை. முப்பது வருடத்துக்கு மேல் சூடேறி ஆறிய சிலிகான் திரவம் தன் தடிமனைத் தக்கவைத்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. திறந்து திரவம் மாற்றிச் சரிசெய்யும் பொருளாகவும் அது வடிவமைக்கப்படவில்லை. விற்பவரின் காரில் இன்னும் பொருத்தியிருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்குங்கள், மற்றது தரையில், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விடுவித்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து. தூக்கிய சக்கரத்தைக் கையால் சுழற்றினால், உயிருள்ள விஸ்கஸ் மெதுவாக எதிர்த்து எதிர்த்துத்தான் சுழல விடும். செத்துப்போனது காற்றாடி போலச் சுழலும். நான் பார்த்த இரண்டும் காற்றாடிகள். இதில் இன்னொரு இயல்பான குறையும் உண்டு: சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கிய பிறகுதான் அதற்குச் சேதி போகும். முன்கூட்டியே தடுக்கத் தெரியாது.

பழைய உறையை வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் புதியது போடும் வழியும் இருக்கிறது. காஸ், ஓஎஸ் கிகென், குஸ்கோ போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் பிளேட் வகை எல்எஸ்டி. கிளட்ச் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும்; ஆக்சிலரேட்டர் அழுத்தும் வேகத்தில் சாய்வுப் பரப்புகள் விரிந்து தகடுகளை நெரிக்கும். 1 வே, 1.5 வே, 2 வே என்று மூன்று விதம். முதலாவது முடுக்கும்போது மட்டும் பூட்டும், கடைசியது காலை எடுக்கும்போதும் அதே அளவு பூட்டும், நடுவிலிருப்பது பெயருக்கேற்றபடி. சக்கரம் ஒன்று காற்றில் தொங்கினாலும் மற்றதற்கு விசை போகும் என்பது இதன் தனிச் சிறப்பு. ரேஸ் தடத்தில் மேட்டு ஓரங்களில் ஏறி இறங்கி ஓட்டுபவருக்கு இதைவிட நல்லது இல்லை என்பேன். வீட்டுத் தெருவுக்கு இது கரடுமுரடு. கடை வாசலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது பின்னாலிருந்து கடகடவென்று தகடுகள் சத்தம் போடும். அதற்கென்றே உரிய எண்ணெய் வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும், தகடுகள் தேய்ந்தால் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய தடையாகத் தோன்றியது வேறு. உள்ளே இருக்கும் பகுதியை மாற்றினால், கிரவுன் சக்கரத்தைக் கழற்றிப் புதியதில் முடுக்கி, பக்கத் தாங்கு பேரிங்குகளை ப்ரெஸ்ஸில் அழுத்தி, பினியனுக்கும் கிரவுனுக்கும் இடையிலான பல் இடைவெளியை மீண்டும் அமைக்க வேண்டும். மாஸ்டா கேட்கும் இடைவெளி சுமார் 0.1 மில்லிமீட்டர். டயல் கேஜ் வைத்து, பற்களில் வண்ணப் பசை தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்து, இருபுறமும் உள்ள அட்ஜஸ்டர் வளையங்களை ஒரு பல் முன்னே, ஒரு பல் பின்னே நகர்த்தி அமைக்கும் வேலை. கை பழகியவர் ஒரு காலைப்பொழுதில் செய்துவிடுவார். முதன்முறை செய்பவர் தவறினால் தவறு அன்றே தெரியாது. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, காலை எடுக்கும்போது ஊளையிடும் ஓசையாக வரும். அப்போது கிரவுன், பினியன் இரண்டும் ஜோடியாகக் கெட்டிருக்கும்.

அந்த வேலையை மதிக்கிறேன். அதனாலேயே அதைக் கராஜ் தரையில் கற்றுக்கொள்ளத் துணியவில்லை. யாருக்குப் பிளேட் வகைதான் வேண்டுமோ, அவருக்கு ஒரு நடுவழி: யூனிட்டைக் காரிலிருந்து நீங்களே இறக்குங்கள், டிஃபரென்ஷியல் அமைப்பதையே தொழிலாகச் செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், அமைத்து வந்ததும் நீங்களே ஏற்றுங்கள். கூலியில் பெரும் பகுதி மிச்சமாகும், பல் அமைப்பும் தேர்ந்த கையில் நடக்கும். குவைஃப் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் முழுப் பல்சக்கர எல்எஸ்டியை வாங்குபவருக்கும் இதே வழிதான்.

முழு டார்சன் செட்

1994ஆம் ஆண்டு மாடலில் மாஸ்டா இன்ஜினை 1.8 லிட்டராக்கியபோது டிஃபரென்ஷியலையும் பெரிதாக்கியது. கிரவுன் சக்கரம் 7 அங்குலம். எல்எஸ்டி வேண்டுமென்றால் டார்சன். முறுக்குவிசையை உணர்வது என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. வெர்னன் க்ளீஸ்மன் என்ற அமெரிக்கர் 1958இல் காப்புரிமை பெற்ற வடிவம். திரவமும் இல்லை, கிளட்ச் தகடும் இல்லை. சுருள் பற்கள் கொண்ட சக்கரங்கள் விசை ஏறும்போது தம் பக்கச் சுவர்களில் அழுந்தி உரசுகின்றன. அந்த உராய்வே வழுக்கும் பக்கத்திலிருந்து பிடிப்புள்ள பக்கத்துக்கு விசையைத் திருப்புகிறது. முந்தைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதன் பெருக்கு எண் 2.5 என்று வைத்தால், உள்சக்கரம் 100 தாங்கும்போது வெளிச்சக்கரத்துக்கு 250 வரை போகும். மொத்தம் 350. சாதாரண டிஃபரென்ஷியலில் 200 ஆக இருந்தது இது. சக்கரம் வழுக்கும் வரை காத்திருக்காமல் விசை ஏறும்போதே வேலை செய்வதால், ஓட்டுபவருக்கு எதுவும் நிகழ்ந்ததாகவே தெரிவதில்லை. கார் வளைவிலிருந்து நேராக இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது.

பெருக்கல் என்பதால் ஒரு பலவீனம் உண்டு. பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். உள்சக்கரம் தரையை விட்டு முழுதாக எழும்பினால் டார்சன் ஏறக்குறைய சாதாரண டிஃபரென்ஷியலாகிவிடும். ஹேண்ட் பிரேக்கை இலேசாக இழுத்துப் பிடித்தால், தொங்கும் சக்கரத்துக்கு ஒரு சிறு எதிர்ப்புக் கிடைத்து மீண்டும் உயிர் வரும். தெருவில் ஓடும், அதிகம் தாழ்த்தப்படாத மியாட்டாவில் சக்கரம் எழும்புவது அரிது. எனக்கு இந்தக் குறை ஏற்கத்தக்கதாகவே பட்டது.

ஆனால் 7 அங்குல யூனிட் 6 அங்குலத்தின் இடத்தில் தனியாகப் போய் உட்காராது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பூட்டும் அதன் முன்பக்க வட்டத் தகடு, அதாவது முன் ஃபிளாஞ்ச், வேறு; ஆக்சில்களும் வேறு. ஆகவே 1.8 காரிலிருந்து டிஃபரென்ஷியல், இரண்டு ஆக்சில்கள், புரொப்பல்லர் ஷாஃப்ட் மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டும். சக்கர ஹப்பும், கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டமும் பழையதே போதும். எல்லாவற்றையும் ஒரே காரிலிருந்து வாங்குங்கள் என்பது என் வற்புறுத்தல். ஆளுக்கொன்றாகச் சேர்த்தால் மலிவாகத் தோன்றும். ஒரு ஆக்சிலின் முனை சரியாக உட்காராமல் போகும்போதுதான் அந்த மலிவின் விலை தெரியும். ஏபிஎஸ் உள்ள கார் என்றால் சக்கர வேகத்தை அளக்க உதவும் பல்வளையங்களையும் முன்பே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். என்னுடையதில் ஏபிஎஸ் இல்லை.

வாங்கும்போது கண்ணால் பார்த்து வாங்குங்கள். பழைய உதிரிபாகம் விற்கும் ஒரு இடத்தில் எனக்கு டார்சன் என்று சொல்லி எடுத்து வைத்திருந்தார்கள். உறையின் மேல் மஞ்சள் சுண்ணக்கட்டியால் அப்படியே எழுதியும் இருந்தது. ஆக்சில் நுழையும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். குறுக்கே ஒரு தடித்த ஊசி தெரிந்தது. அது சாதாரண டிஃபரென்ஷியலின் அடையாளம்: சின்னப் பல்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குத் தண்டு. திரும்பி வந்துவிட்டேன். ஒரு பக்கத்தைக் கையால் சுழற்றினால் மற்றப் பக்கமும் அதே திசையில் சுழல்கிறதா என்று பார்க்கும் பிரபலமான சோதனையை டார்சனுக்கு மட்டும் நம்ப வேண்டாம். பழகிய டார்சன் பாரமில்லாதபோது எதிர்த்திசையிலும் சுழலும்.

விகிதத்தையும் அங்கேயே எண்ணிவிடலாம். 1.6 காரின் விகிதம் 4.30, அதாவது கிரவுனில் 43 பற்கள், பினியனில் 10. முதல் தலைமுறை 1.8 காரில் 4.10, 41க்கு 10. வெளிமுனைகள் இரண்டும் ஒன்றாக, ஒவ்வொன்றும் பத்துச் சுற்று சுற்றும்வரை முன் ஃபிளாஞ்சைச் சுழற்றுங்கள். அது 41 முறை சுழன்றால் ஒன்று, 43 என்றால் மற்றது. 1999 முதல் இங்கே விற்ற இரண்டாம் தலைமுறையின் 5 கியர் கார்களில் 4.30 கிடைக்கும். அதன் பிந்தைய வருடங்களில் டார்சனுக்குப் பதில் கூம்பு வடிவ உராய்வுப் பரப்புகள் கொண்ட வேறு எல்எஸ்டி வந்தது. அது தேயும் வகை என்பதால் நான் ஒதுக்கிவிட்டேன்.

எனக்குக் கிடைத்தது 4.10. இதனால் இரண்டு விளைவுகள். நெடுஞ்சாலையில் இன்ஜின் சுழற்சி சுமார் 5 சதவீதம் குறைந்து காதுக்கு இதமாகிறது, அதே அளவுக்கு முடுக்கம் மந்தமாகிறது. இரண்டாவது கொஞ்சம் ஆபத்தானது: இந்தக் காரில் ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸின் வால் பகுதியிலிருந்து ஓடுகிறது. அதற்குப் பின்னால் விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. முள் 100 காட்டும்போது உண்மையில் 105 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். கியர்பாக்ஸில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை, 4.10 விகிதத்துக்கு உரிய பல் குறைந்த சக்கரமாக மாற்றினால் சரியாகிவிடும். கீழே படுத்திருக்கும்போதே அதையும் முடித்துவிடுங்கள். எனக்கு அது பிறகுதான் நினைவுக்கு வந்தது. மீண்டும் ஒருமுறை காரைத் தூக்க வேண்டியதாயிற்று.

தரையில் படுத்துச் செய்த இரண்டு நாள்

மற்ற வழிகளைவிட இதில் பிரிக்க வேண்டியவை அதிகம். ஆனால் அனைத்தும் போல்ட், நட்டு வேலை. அதுதான் என்னை இதன் பக்கம் சாய்த்தது.

ஆக்சில் நட்டைக் கார் தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட வேண்டும். 29 மில்லிமீட்டர் சாக்கெட், நீளமான கம்பி. நட்டின் உதட்டை ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கியிருப்பார்கள். முதலில் உளியால் அதை நிமிர்த்துங்கள். மீண்டும் போடும்போது புது நட்டு, 216 முதல் 294 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கம். பிறகு நான்கு ஸ்டாண்டுகள் மேல் கார். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். இந்த வேலையில் நீங்கள் காரை உலுக்கி உலுக்கித்தான் போல்ட்டுகளைக் கழற்றப் போகிறீர்கள்.

ஆக்சிலை ஹப்பிலிருந்து உருவ, சக்கரத் தாங்கியின் அடியில் குறுக்கே போகும் நீண்ட போல்ட்டைக் கழற்றித் தாங்கியை வெளியே சாய்க்க வேண்டும். உப்புச் சாலை ஓடிய கார்களில் அந்த ஒரு போல்ட்தான் முழு வேலையின் நேரத்தையும் தின்னும். இடப்பக்கம் பத்து நிமிடத்தில் வந்தது. வலப்பக்கம் நட்டு கழன்றது, போல்ட் அசையவில்லை. புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டிருந்தது. துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி இரவெல்லாம் விட்டேன். மறுநாள் நட்டை முனை வரைக்கும் திருகி வைத்து, போல்ட்டின் த்ரெட் நசுங்காமல் அதன் மேல் அடித்தேன். தலையில் நீண்ட ஸ்பானர் போட்டுத் தம்பி இரண்டு திசையிலும் மாறி மாறி முறுக்கினான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். செம்பழுப்புத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. அந்தத் தூளைப் பார்த்தபோது எங்களுக்கு வந்த சந்தோஷத்தைக் கராஜில் வேலை செய்பவர்கள் அறிவார்கள். புது போல்ட் இரண்டு முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். திரும்பப் போடும்போது தண்டு முழுக்க ஒட்டாத கிரீஸ் தடவுங்கள்.

சைலன்சர் குழாயின் பின்பாதியைக் கழற்றினால்தான் இடம் கிடைக்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கியர்பாக்ஸிலிருந்து உருவியவுடன் அங்கிருந்து எண்ணெய் கொட்டும். ஒரு துணியையும் பிளாஸ்டிக் பையையும் தயாராக வையுங்கள். அலுமினியச் சட்டத்தை டிஃபரென்ஷியலிலிருந்து பிரிக்கும் முன் கியர்பாக்ஸின் அடியில் ஜாக்கி கொடுக்காவிட்டால், கியர்பாக்ஸ் தொங்கி இன்ஜின் பின்னால் சாயும். சட்டத்தைக் கோத்திருக்கும் நீண்ட போல்ட்டுகள் வந்த பிறகும் சட்டம் அசையாது. உள்ளே இறுக்கமாக ஒரு ஸ்லீவ் உட்கார்ந்திருக்கும். அதை நெம்பி வெளியே எடுத்த பிறகுதான் பிரியும். திரும்ப முடுக்கும்போது 104 முதல் 124 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த இடத்தை முடிக்காதீர்கள்.

யூனிட்டைக் கீழே இறக்கும் நேரத்தில் இரண்டு பேர் கட்டாயம். மல்லாந்து படுத்த ஒருவர் மார்பில் வாங்கக்கூடிய எடை இல்லை அது. பின்மூடியின் இரண்டு கைகளும் காரின் அடிச்சட்டமான சப்ஃப்ரேமில் தொங்கும் இடத்தில் நட்டுகளைக் கழற்றும் முன்பே, ஜாக்கியின் தட்டில் யூனிட்டைப் பட்டையால் கட்டிவிட்டோம். ஏற்றும் முன், வெளியே மேசை மேல் இருக்கும்போதே மூன்று ஆயில் சீல்களையும் ஆக்சில் முனைகளைப் பிடித்து வைக்கும் கம்பி வளையங்களான சர்க்ளிப்புகளையும் புதிதாகப் போட்டோம். விலை சொற்பம், காரில் ஏற்றிய பிறகு ஒரு சீல் கசிந்தால் பாதி வேலையை மறுபடி செய்ய வேண்டும். சஸ்பென்ஷன் போல்ட்டுகளின் கடைசி முறுக்கம், கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ்கள் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

எண்ணெய்க்கு டார்சன் எந்தச் சலுகையும் கேட்பதில்லை: ஜிஎல்-5 தரத்துச் சாதாரண கியர் எண்ணெய் போதும். 6 அங்குலத்தில் 0.65 லிட்டர் பிடித்தது. இதில் 1 லிட்டர். ஊற்றும் துளையின் மூடியை முதலில் திறந்து பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். மேல்மூடி திறக்க மறுத்தால், வடித்த பிறகு காரை நகர்த்தவே முடியாது.

மொத்தம் இரண்டு முழு நாள். அதில் கால்வாசி அந்த ஒரு போல்ட்டுக்கு. விஸ்கஸ் யூனிட் மட்டும் மாற்றியிருந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் வேலையும் ஸ்பீடோமீட்டர் தலைவலியும் மிச்சமாகியிருக்கும். நல்ல விஸ்கஸ் ஒன்று, சோதித்துப் பார்த்து, மலிவாகக் கிடைக்கிறது, இன்ஜினில் டர்போ போடும் எண்ணமும் இல்லை என்றால் அதைக் குறை சொல்ல மாட்டேன். டர்போ எண்ணம் இருந்தால் 6 அங்குலப் பல்லையே மறந்துவிடுங்கள்; கூடுதல் சக்திக்கு முதலில் உடைவது அதுதான். அந்தக் காரணத்துக்காகவே, பிளேட் வகை வாங்குபவரும் அதை 6 அங்குல உறையில் போடாமல் 7 அங்குல உறையில் அமைத்துக் கேட்பது நல்லது. பிறகு எப்போது வேண்டுமானாலும் இன்ஜினை வளர்க்கலாம்.

மே மாதம் முதல் மழை நாளில் அதே திருப்பத்துக்குப் போனேன். இரண்டாவது கியர், அதே அளவு ஆக்சிலரேட்டர். பின்பக்கம் ஒரு கணம் தாழ்ந்து உட்கார்ந்தது. கார் வெளியே வந்துவிட்டது. தம்பி பக்கத்து இருக்கையில் இருந்தான். "அண்ணா, ஒன்றுமே நடக்கவில்லையே?" என்றான். இன்னொரு முறை சுற்றி வந்து அதே இடத்தில் திரும்பினேன். 500 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை வடித்துப் பார்த்தேன். வடிகால் மூடியின் காந்தத்தில் சன்னமான சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தது. விரலில் தேய்த்தால் துகள் எதுவும் உறுத்தவில்லை.